ஓக் காட்டில் கலைப்பு: பெரிய மரத்தை எடுப்பதா, சிறியதை எடுப்பதா?

சரிவுநிலம் (கேள்வி):

வணக்கம். அமெரிக்காவின் மிசூரி மாநிலம், ஓசார்க் மலைப்பகுதி. 40 ஏக்கர் ஓக் காட்டில் மரங்களைக் கலைத்துவிடுவது (நெருக்கமாக நிற்பவற்றில் சிலவற்றை எடுத்து மற்றவற்றுக்கு இடம் கொடுப்பது) பற்றிக் கேட்கிறேன்.

நிலம் இப்படி: ஏறக்குறையப் பாதி தென்மேற்குச் சரிவு, பாதி வடகிழக்குச் சரிவு, நடுவில் குறுகலான முகடு. மேல்மண் குறைவு, தோண்டினால் சரளைக்கல். வெள்ளை ஓக், கறுப்பு ஓக், ஸ்கார்லெட் ஓக், போஸ்ட் ஓக் நான்கும் கலந்து நிற்கின்றன, இடையிடையே ஹிக்கரி. வடகிழக்குப் பக்கம் அடியில் மேப்பிளும் டாக்வுட்டும் புதராக ஏறியிருக்கின்றன. மாதிரி வட்டங்கள் போட்டு அளந்ததில் ஏக்கருக்குச் சராசரி 170 மரம். விட்டம் (தரையிலிருந்து 4.5 அடி உயரத்தில்) 5 அங்குலத்திலிருந்து 18 அங்குலம் வரை, சராசரி 10 அங்குலம்.

மரம் வாங்க வந்த ஒருவர், "14 அங்குலத்துக்கு மேல் இருப்பதை எல்லாம் எடுத்துக்கொள்கிறேன். சிறுசுகளுக்கு வெளிச்சம் கிடைக்கும். அதெல்லாம் வளர்ந்துவிடும், 15–20 வருஷத்தில் மறுபடி வெட்டலாம்" என்கிறார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வனத்துறைக் கையேடுகள் எல்லாம் வேறு மாதிரி சொல்கின்றன. கேள்விகள் இவை: இந்தக் காட்டில் மரத்துக்கு மரம் பருமன் ஏன் இவ்வளவு வேறுபடுகிறது? எவ்வளவு எடுத்தால் சரி? இரண்டு சரிவுகளையும் ஒரே மாதிரி நடத்தலாமா?

ஆண்டுவளையம்:

வணக்கம் நண்பரே. முதலில், அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டாம்.

அவர் சொல்வதில் ஒரே ஒரு அனுமானம் ஒளிந்திருக்கிறது: சின்ன மரம் என்றால் இளம் மரம். ஓசார்க்கில் பெரும்பாலான காடுகளில் அது தப்பு. அங்கே 1880களிலிருந்து 1920 வாக்கில் பைனும் ஓக்கும் பெருமளவில் வெட்டப்பட்டன. அதன்பின் பல ஆண்டுகள் மேய்ச்சலுக்காகத் தீ வைப்பதும், மாடு பன்றிகளை அவிழ்த்துவிடுவதும் நடந்தன. அவை நின்றபிறகு வேர்க்கட்டைகளிலிருந்தும் அடியில் காத்திருந்த கன்றுகளிலிருந்தும் ஓக் ஒரேயடியாகக் கிளம்பியது. ஆகவே உங்கள் 5 அங்குல மரமும் 18 அங்குல மரமும் பெரும்பாலும் ஒரே வயது. ஒரே வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளில் முதல் வரிசையும் கடைசி வரிசையும்தான் நீங்கள் பார்ப்பது. சந்தேகம் இருந்தால், 5–6 அங்குல மரம் நாலைந்தை அடியோடு வெட்டி வளையங்களை எண்ணிப் பாருங்கள். நல்ல கைக்கண்ணாடி வேண்டும். நெருக்கத்தில் சிக்கிய மரத்தின் வெளி வளையங்கள் மயிரிழை போல இருக்கும்.

பருமன் ஏன் மாறுகிறது என்பதற்கு விடை அடிமரத்தில் இல்லை, தலையில், அதாவது கிளையும் இலையும் விரியும் மேல்பகுதியில், இருக்கிறது. அண்ணாந்து பார்த்து ஒவ்வொரு மரத்தையும் நான்கு நிலைகளில் ஒன்றில் வையுங்கள். விதானத்துக்கு (மரத்தலைகள் சேர்ந்த கூரைக்கு) மேலே தலையை நீட்டி நாலு பக்கமும் வெயில் வாங்குபவை, மேலிருந்து முழு வெயிலும் பக்கங்களில் கொஞ்சமும் வாங்குபவை, இரண்டு பெரிய தலைகளுக்கு நடுவே நசுங்கி உச்சியில் மட்டும் வெயில் வாங்குபவை, முழுக்க அடங்கிப்போனவை. பத்தாண்டில் 2 அங்குலத்துக்கு மேல் பருப்பவை முதல் இரண்டு நிலையில்தான் இருக்கும். கறுப்பு ஓக்கும் ஸ்கார்லெட் ஓக்கும் கடைசி நிலைக்குப் போய்விட்டால் வெளிச்சம் கொடுத்தாலும் தேறுவது அபூர்வம். வெள்ளை ஓக் விதிவிலக்கு. 80 ஆண்டு அடங்கிக் கிடந்த வெள்ளை ஓக் விடுவிக்கப்பட்ட பிறகு வேகம் பிடித்திருப்பது ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. ஆனால் அதுவும் தலையில் பச்சை மிச்சமிருந்தால்தான்.

இப்போது பெரியதை எல்லாம் எடுத்துவிட்டால் நிற்கப்போவது யார்? சின்னத் தலையும் ஒல்லி அடிமரமும் கொண்ட, ஒரே வயதுத் தோல்விகள். திடீரென்று வெயில் பட்டதும் அடிமரமெங்கும் தளிர்க் கிளை விடும்; மரத்தின் தரம் ஒரு படி இறங்கும். 20 வருஷம் கழித்து அவர் திரும்பி வரமாட்டார், வாங்க ஒன்றும் இருக்காது.

அடுத்து, எவ்வளவு எடுப்பது. இதற்கு 1967இல் வன ஆய்வாளர் ஜிங்ரிச் வகுத்த அடர்த்தி அட்டவணைதான் இன்றும் அமெரிக்காவின் நடுப்பகுதியில் உள்ள மேட்டுநில ஓக் காடுகளுக்கு அடிப்படை. அதன் தர்க்கம் அழகானது. திறந்த வெளியில் தனியாக வளரும் ஓக்கின் தலை அகலம் (அடியில்) அதன் விட்டத்தை (அங்குலத்தில்) 1.83ஆல் பெருக்கி 3 கூட்டினால் வரும். 10 அங்குல மரத்துக்குச் சுமார் 21 அடி, 20 அங்குல மரத்துக்குச் சுமார் 40 அடி. ஒரு மரம் அந்த அளவில் பயன்படுத்தக்கூடிய அதிகபட்ச இடம் அதுதான். அதற்கு மேல் கொடுத்தாலும் அதற்குப் பயனில்லை, வெயில் தரைக்குப் போகும். எதிர்முனையில், நெருக்கடியான காட்டில் அதே மரம் உயிரோடிருக்கத் தேவையான குறைந்தபட்ச இடமும் உண்டு. அந்தக் குறைந்தபட்ச இடத்தில் காடு நிரம்பி நின்றால் அடர்த்தி 100 விழுக்காடு. எல்லா மரமும் அதிகபட்ச இடம் எடுத்துக்கொண்டு தலைகள் மட்டும் தொட்டுக்கொண்டு நின்றால் ஏறத்தாழ 58 விழுக்காடு. இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே வைத்திருந்தாலும் நிலம் தரும் மொத்த வளர்ச்சி பெரிதாக மாறாது. அந்த வளர்ச்சி எத்தனை மரங்களுக்குப் பங்கு பிரிகிறது என்பதுதான் மாறும்.

குறைந்தபட்ச இடக் கணக்கில் ஒரு மரம் ஏக்கரில் எடுக்கும் பங்கு: 6 அங்குலம் 0.21 விழுக்காடு, 10 அங்குலம் 0.48, 14 அங்குலம் 0.85, 18 அங்குலம் 1.33. உங்கள் கணக்கைத் தோராயமாகப் போட்டால் 170 × 0.48, அதாவது சுமார் 82 விழுக்காடு. அடிப்பரப்பு (எல்லா மரங்களின் குறுக்குவெட்டுப் பரப்பின் கூட்டு) ஏக்கருக்குச் சுமார் 93 சதுர அடி. கலைக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது, ஆனால் அவசரம் இல்லை. 62–65 விழுக்காட்டுக்கு இறக்குங்கள். சராசரி அளவு மரங்களை எடுத்தால் ஏக்கருக்கு 35–40 போகும். வெறும் 6 அங்குலங்களை மட்டும் எடுத்தால் அதே இடத்தைத் திறக்க 80–90 மரம் சாய வேண்டும், அப்படியும் விதானத்தில் ஓட்டை விழாது. அடங்கிய மரங்கள் மேலே இருப்பவற்றோடு வெளிச்சத்துக்குப் போட்டியிடவே இல்லை. எனவே உங்கள் தலைப்புக் கேள்விக்கு நேரான பதில்: பெரியதும் அல்ல, சிறியதும் அல்ல. நல்ல மரத்தின் தலையை இடிக்கும் நடுத்தர மரத்தை எடுக்க வேண்டும்.

58க்குக் கீழே இறக்காதீர்கள். மரத்துக்காக வளர்க்கிறவருக்கு அதில் லாபம் இல்லை. திறந்த புல்காட்டு அமைப்பு வேண்டும் என்பவர் கதை வேறு.

வடசரிவு:

கணக்கு சரி. ஆனால் 40 ஏக்கருக்கும் ஒரே சராசரி போட்டதை ஏற்க முடியாது. இரண்டு சரிவும் இரண்டு காடு. மாதிரி வட்டங்களைப் பிரித்துத் தனித்தனியாகக் கணக்குப் போடுங்கள்.

உயரத்தைத் தீர்மானிப்பது மண்ணும் ஈரமும், பருமனைத் தீர்மானிப்பது இடைவெளி. கலைப்பால் மரம் உயரமாகாது. அதனால்தான் நிலத்தின் தரத்தை, மேல்தட்டு மரங்கள் 50 வயதில் எட்டும் உயரத்தால் அளக்கிறார்கள். கறுப்பு ஓக் 50 வயதில் 55 அடி என்றால் ஏழை நிலம், 65 நடுத்தரம், 75ஐத் தொட்டால் நல்ல நிலம். தென்மேற்குச் சரிவில் பிற்பகல் வெயில் நேராக அடிக்கும். சரளை மண்ணில் ஈரம் தங்காது. மேல்சரிவில் 55–60 கிடைத்தாலே பெரிது. வடகிழக்குச் சரிவின் கீழ்ப்பகுதியில், மேலிருந்து கழுவி வந்த மண் சேர்ந்த இடத்தில், 70க்கு மேல் போகும். வயதையும் உயரத்தையும் அளந்தே பாருங்கள். ஆனால் என்றும் அடங்காமல் மேல்தட்டிலேயே நின்ற மரத்தில்தான் அளக்க வேண்டும். நசுங்கிய மரத்தின் உயரம் நிலத்தைப் பற்றி எதுவும் சொல்லாது.

முகட்டில் எங்காவது கடப்பாரை ஒன்றரை, இரண்டு அடியில் டங்கென்று நிற்கிறதா என்றும் பாருங்கள். ஓசார்க்கில் அப்படி இறுகிய அடிமண் படலம் பல இடங்களில் உண்டு. மழைக்காலத்தில் அதன்மேல் தண்ணீர் தேங்கும், கோடையில் வேர் கீழே இறங்க முடியாமல் காயும். அங்கே குட்டையும் முறுக்குமாக நிற்கும் போஸ்ட் ஓக்கையும் பிளாக்ஜாக் ஓக்கையும் நெருக்கத்தால் வந்த கோளாறு என்று நினைத்துக் கலைக்கப் போனால் உழைப்பு வீண். அது நிலம் கொடுத்த வடிவம்.

இன்னொரு வேறுபாடு கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடக்கிறது. ஓக் கன்று நிழலில் மேலே வளராமல் வேரைப் பெருக்கும். தண்டு காய்ந்து விழும், மறுபடி துளிர்க்கும், மறுபடி காயும். இப்படியே பல ஆண்டு வேர் மட்டும் தடித்துக்கொண்டு போகும். வறண்ட சரிவில் விதானம் மெலிந்தது, நிழல் தாங்கும் போட்டியாளர்களும் குறைவு. அங்கே இத்தகைய கன்றுகள் பத்தாண்டுக் கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். ஈரச் சரிவில் மேப்பிளும் டாக்வுட்டும் இரண்டாம் கூரை போட்டுவிடும். அதன் கீழே ஓக் கன்று இரண்டு மூன்று ஆண்டில் செத்துவிடும். ஆக, வடகிழக்கில் மேலே மட்டும் கலைத்தால் நீங்கள் விடுவிப்பது மேப்பிளைத்தான்.

பல வயது மரங்கள் கலந்து நிற்கும் காடு வேண்டுமென்றால் ஓசார்க்கின் வறண்ட பகுதியில் அது நடக்கும். 1951இல் லியோ டிரே என்பவர் நிலம் நிலமாக வாங்கத் தொடங்கிய, மிசூரி ஓசார்க்கின் பயனீர் காட்டில் இத்தனை ஆண்டாக ஒற்றை ஒற்றை மரமாகத் தேர்ந்து வெட்டியே ஓக் காடு தொடர்கிறது. அதே முறையைக் கிழக்கு அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைகளில், ஈரப் பள்ளத்தாக்குகளில் செய்த இடங்களில் ஓக் போய் நிழல் தாங்கும் மரங்கள் வந்துவிட்டன. முறை ஒன்றுதான், ஈரம்தான் வேறு.

கடைசியாக, முகட்டில் இருக்கும் ஸ்கார்லெட் ஓக்கையும் கறுப்பு ஓக்கையும் 'நல்ல தலை, விடுவோம்' என்று வைத்துக்கொள்ளாதீர்கள். ஆழமில்லாத மண்ணில் 70 வயதைத் தாண்டிய சிவப்பு ஓக் இனங்கள் (இவை இரண்டும் அந்த வகைதான்) ஒரு நல்ல வறட்சி வந்தால் வரிசையாகப் போகும். முதலில் உச்சிக் கிளை காயும், வேரில் ஆர்மிலேரியா பூஞ்சாணம் ஏறும், பின்னாலேயே துளைப்பான் வண்டு. 1990களின் கடைசியிலும் 2000களின் தொடக்கத்திலும் ஆர்கன்சா, மிசூரி ஓசார்க்கில் சிவப்பு ஓக் துளைப்பான் பெருகி ஏராளமான மரங்கள் அழிந்தது அப்படித்தான். வயதான இவற்றை விற்கும் விலை இருக்கும்போதே எடுத்துவிட்டு, வெள்ளை ஓக், போஸ்ட் ஓக் பக்கம் சாயுங்கள். பெரிய வறட்சி ஆண்டிலும் அதற்கடுத்த இரண்டு மூன்று ஆண்டிலும் மட்டும் கலைப்பில் கை வைக்க வேண்டாம். வேர் பலவீனமாக இருக்கும்போது கலைப்பே இன்னொரு அதிர்ச்சி.

சரிவுநிலம்:

இருவருக்கும் நன்றி. சரிவு வாரியாகப் பிரித்துப் பார்த்தேன்: வடகிழக்கில் 90 விழுக்காட்டை ஒட்டி வருகிறது, தென்மேற்கில் 70 சொச்சம்தான். அங்கே இப்போதைக்குத் தொடப்போவதில்லை. வேலையில் இறங்குவது பற்றி மூன்று சந்தேகம். வெள்ளை ஓக்கில் அடிமரத் தளிரைத் தடுக்க வழி உண்டா? ஒரே வேரில் இரண்டு மூன்று தண்டாக நிற்பவற்றை என்ன செய்வது? எந்த மாதத்தில் வெட்டுவது?

கோடரிப்பிடி:

குறி போடுவதிலிருந்து தொடங்குவோம், பாதித் தப்பு அங்கேதான் நடக்கும். வெட்டும் மரத்தைத் தேடிப் போகாதீர்கள். விடும் மரத்தை முதலில் குறியுங்கள். ஏக்கருக்கு 40 போதும், அதாவது சராசரியாக 33 அடிக்கு ஒன்று. ஆனால் நாடா பிடித்து அளந்து தேர வேண்டாம், நல்ல மரம் இரண்டு பக்கத்தில் பக்கத்தில் நின்றால் இரண்டையும் ஒரே மரமாகப் பாவித்துச் சுற்றிலும் விடுவிக்கலாம். தேர்வுக்குப் பார்க்க வேண்டியவை: முதல் 16 அடி நேராக, கணு இல்லாமல் இருக்க வேண்டும், தரையோரம் பழைய தீத்தழும்பு, பொந்து கூடாது, பச்சைத் தலை மொத்த உயரத்தில் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும், உச்சியில் காய்ந்த கிளை இருந்தால் வேண்டாம், மரம் நெட்டுக்கு நீளமான வெடிப்புக்கோடு ஓடினாலும் வேண்டாம்.

பிறகு ஒவ்வொரு தேர்வு மரத்தடியிலும் நின்று அண்ணாந்து, தலையை நாலு பக்கமாகப் பிரியுங்கள். எந்தப் பக்கத்தில் இன்னொரு தலை இடிக்கிறதோ அந்த மரம் போகும். மூன்று பக்கம் திறந்தால் நல்ல பலன், நான்கும் திறந்தால் இன்னும் நல்லது, ஒரு பக்கம் மட்டும் திறந்தால் வெட்டிய கூலிகூட வராது. தலைக்குத் தலை 5 முதல் 10 அடி இடைவெளி விடுங்கள். ஏறத்தாழப் பத்தாண்டில் மூடிக்கொள்ளும், அப்போது மறுபடி பார்க்கலாம். தேர்வு மரத்தின் தலைக்குக் கீழே அடங்கி நிற்கும் சிறுமரங்களைத் தொடாதீர்கள். அவை போட்டியாளர் அல்ல, அடிமரத்துக்கு நிழல்.

இதுவே தளிர்ப் பிரச்சினைக்கும் பாதி விடை. வெயில் பட்டால் தளிர்க்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். முழு உண்மை அது இல்லை. பட்டைக்கு அடியில் உறங்கும் மொட்டுகளைத் தலை அடக்கி வைத்திருக்கிறது. தலை பெரிதாக, வலுவாக இருந்தால் அதே வெயிலிலும் அடிமரம் சுத்தமாக இருக்கும். தலை சுருங்கிய மரம் கலைப்புக்கு முன்பே தளிர்விடத் தொடங்கியிருக்கும். எனவே வெள்ளை ஓக்கிலும் போஸ்ட் ஓக்கிலும் (இரண்டுமே இதில் மோசம்) இப்போதே அடிமரத்தில் பென்சில் தடிமன் தளிர்களோ, அவை காய்ந்து உதிர்ந்த புடைப்புகளோ தெரிந்தால் அந்த மரத்தைத் தேர்வில் சேர்க்காதீர்கள். தளிரை அரிவாளால் சீவிவிடலாம் என்று நினைக்க வேண்டாம், அதே இடத்தில் திரும்ப வரும். 90 விழுக்காட்டில் இருக்கும் வடகிழக்கை ஒரே வெட்டில் 60க்கு இறக்காமல் முதலில் 70க்கு இறக்கி, 8–10 ஆண்டு கழித்துத் தலைகள் விரிந்தபின் இரண்டாம் முறை இறக்குவது பாதுகாப்பு.

கொத்துத் தண்டுகள்: வெட்டும் வயது முக்கியம். தண்டுகள் 3 அங்குலத்துக்குள், உள்ளே வைரம் (நடுவே இறுகிய கருமரம்) பிடிக்காமல் இருந்தால், தரையோடு ஒட்டிக் கிளம்பிய ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடலாம். பழைய அடிக்கட்டையின் மேல்விளிம்பிலிருந்து கிளம்பியதை வைக்காதீர்கள், கட்டை மக்கும்போது மக்கல் அதற்குள் ஏறும். உங்கள் காட்டில் இருப்பவை 8–10 அங்குலத் தண்டுகள். இரண்டு தண்டும் சேரும் இடத்தைப் பாருங்கள். சேர்க்கை தரைக்கருகே அகலமாக, கிண்ணம் மாதிரி வளைந்திருந்தால் ஒன்றை எடுக்கலாம். தரைக்கு மேலே இடுக்கியாகச் சேர்ந்திருந்தால் இரண்டுக்கும் வைரம் ஒன்று. ஒன்றை வெட்டினால் அந்தப் பெரிய காயம் மற்றதன் வைரத்துக்கு நேரே திறக்கும். அப்போது இரண்டையும் வை, அல்லது இரண்டையும் எடு.

மாதம்: நவம்பர் முதல் மார்ச் தொடக்கம் வரை. ஏப்ரல் முதல் ஜூலை வரை சிவப்பு ஓக் இனங்களில் புதுக்காயம் படவே கூடாது. ஓக் வாடல் நோயால் செத்த மரத்தின் பட்டைக்கடியில் வளரும் பூஞ்சாணப் பாயிலிருந்து வித்துகளைச் சாறு குடிக்கும் வண்டுகள் புதுக்காயத்துக்குக் கொண்டுவரும். ஒரு மரம் பிடித்தால் பக்கத்து மரங்களுக்கு ஒட்டிப் பிணைந்த வேர் வழியே போகும். தவிர, வசந்தத்தில் பட்டை இளகியிருக்கும். இழுக்கும் மரம் லேசாக உரசினாலே நிற்கும் மரத்தின் பட்டை முழம் நீளத்துக்கு உரியும். குளிர்காலத்திலும் மழைக்குப் பிறகு மண் சொதசொதவென்று இருக்கும் நாளில் வண்டியை இறக்கவேண்டாம், இழுவைப்பாதையில் வேர் நசுங்கும். தரை உறைந்த நாள், அல்லது நன்றாகக் காய்ந்த நாள்.

விற்க முடியாத மரத்தை எல்லாம் சாய்க்க வேண்டியதில்லை. செயின்சாவால் ஒன்று, ஒன்றரை அங்குல ஆழத்துக்கு, 3–4 அங்குலம் இடைவிட்டு, இரண்டு முழு வளையம் போட்டுவிட்டால் நின்றபடியே காயும். மரங்கொத்திக்கும் வௌவாலுக்கும் இடம். பாதையோரத்திலும் வேலியோரத்திலும் மட்டும் இப்படி விடாதீர்கள். மேப்பிளுக்கு வெட்டிய உடனே கட்டையின் ஓரத்தில், பட்டைக்கு அடுத்த வளையத்தில், களைக்கொல்லி பூச வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வருஷம் கொத்தாக வரும். ஓக் கொத்தில் ஒரு தண்டை எடுத்த கட்டையில் களைக்கொல்லி போடவே போடாதீர்கள். அதே வேரில்தான் நீங்கள் விட்ட தண்டும் நிற்கிறது.

மெயின்கரை:

ஜெர்மனியிலிருந்து. கோடரிப்பிடி சொன்ன 'அடங்கிய மரங்களைத் தொடாதே' என்பதை இங்கே ஒரு முழு முறையாகவே வைத்திருக்கிறார்கள். ஸ்பெசார்ட் மலையில் மெல்லிய பலகை சீவுவதற்கான ஓக்கை 300 ஆண்டு வரைகூட வளர்க்கிறார்கள். அடிமரத்தைச் சுற்றி பீச் மரங்களை அடித்தளமாக நிறுத்தி நிழல் கொடுப்பார்கள். பீச் விதானத்துக்குள் ஏறிவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. ஏறிவிட்டால் ஓக்கை அடக்கிவிடும்.

நேரம் பற்றியும் ஒரு வார்த்தை. ஓக்கில் நெருக்கமும் இடைவெளியும் இரண்டுமே வேண்டும், வேறுவேறு வயதில். இளமையில் நெருக்கமாக நிறுத்தி, கீழ்க்கிளைகள் விரல் தடிமனிலேயே காய்ந்து உதிர விடுவது. கிளையற்ற அடிமரம் எதிர்பார்க்கும் முழு உயரத்தில் கால் பங்கை எட்டியதும், எக்டேருக்கு 60–80 மரங்களைத் தேர்ந்து அவற்றை நன்றாகத் திறந்துவிடுவது, அதன்பின் உயிருள்ள கிளை எதுவும் நிழலில் சாகாதபடி பார்த்துக்கொள்வது. ரைன்லாந்து-ஃபால்ஸ் மாநிலத்தில் இந்த முறை பரவலாகப் பேசப்படுகிறது. தாமதித்தால் தலை சுருங்கிவிடும். பீச் அதைத் திரும்பக் கட்டிக்கொள்ளும்; ஓக் பிறகு எவ்வளவு இடம் கொடுத்தாலும் அப்படிக் கட்டாது.

மரத்தின் தரம் பற்றி ஒரு தவறான எண்ணமும் உண்டு: மெதுவாக வளர்ந்த ஓக்தான் உறுதி என்று. உண்மை நேர் எதிர். ஓக் ஒவ்வொரு வசந்தத்திலும் இலை விடும் முன்பே பெரிய நீர்க்குழாய்களின் வளையம் ஒன்றைப் போடும். அதன் அகலம் ஆண்டுக்கு ஆண்டு பெரிதாக மாறாது. கோடையில் போடும் இறுகிய பகுதிதான் நல்ல வளர்ச்சியில் அகலமாகும். ஆகவே வேகமாக வளர்ந்த ஓக் கனம், கடினம், உத்தரத்துக்கு ஏற்றது. மெதுவாக வளர்ந்தது குழாய்களே மிகுந்த லேசான மரம். உளிக்கும் சீவுகத்திக்கும் இலகு. பிரான்சின் துரோன்சே காட்டில், 1670இல் பதினான்காம் லூயி மன்னரின் அமைச்சர் கோல்பேர் காலத்தில் சீரமைத்த அந்தக் காட்டில், அடர்த்தியாக முளைக்கவிட்டு மெல்ல மெல்லக் கலைத்து வளையத்தை நெருக்கமாக வைத்திருக்கிறார்கள். ஒயின் பீப்பாய்க்காரர்கள் அந்த நெருக்கமான வளையத்துக்குத்தான் விலை கொடுக்கிறார்கள். இங்கிலாந்தில் அதற்கு எதிர்த்திசை. அங்கே மறுதாம்புக் காட்டின் (அடியோடு வெட்டி, கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கவிடும் காட்டின்) நடுவே அகலமான இடைவெளியில் பெரிய ஓக்குகளை நிறுத்தினார்கள்; 1543ஆம் ஆண்டுச் சட்டம் ஏக்கருக்கு 12 மரம் விடச் சொன்னது. அப்படித் திறந்த இடத்தில் வளர்ந்த குட்டை அடிமரமும் வளைந்த கனத்த கிளையும் கப்பல் சட்டத்தின் முழங்கால் கட்டைகளுக்கு (மூலைகளைத் தாங்கும் வளைந்த கட்டைகளுக்கு) வேண்டியிருந்தன. எனவே 'நல்ல அமைப்பு' எது என்று கேட்பதற்கு முன் யார் வாங்கப்போகிறார் என்று கேளுங்கள்.

ஒன்று கவனிக்க: ஆண்டு வளையம் முழுக்கச் சீராக இருப்பதற்குத்தான் சந்தையில் மதிப்பு. 40 ஆண்டு நெருக்கி, ஒரே நாளில் திறந்து, மறுபடி மறந்துபோனால் மெல்லிய வளையமும் தடித்த வளையமும் மாறி மாறி வரும். பலகை அறுத்தபின் கோணும்.

ஆண்டுவளையம்:

மெயின்கரை சொன்னது மரத்துக்காக வளர்ப்பவருக்கு முழுக்கச் சரி. ஆனால் அந்தப் பீச் அடித்தளத்தை ஓசார்க்கின் வடகிழக்குச் சரிவில் மேப்பிளால் நகல் எடுக்க முயன்றால் வேறொரு சிக்கல் வரும். ஸ்பெசார்ட்டில் அடுத்த தலைமுறை ஓக்கை விதைத்தோ நட்டோ வேலி போட்டுக் காப்பாற்றுகிறார்கள். இங்கே தானாக முளைக்கும் கன்றை நம்பித்தான் காடு இருக்கிறது. அதனால் இப்போது, மரம் பருக்க வேண்டிய அடுத்த 20–30 ஆண்டுக்கு, தேர்வு மரங்களை ஒட்டி நிற்கும் மேப்பிள், டாக்வுட்டை விடுங்கள். மற்ற இடத்தில் களைக்கொல்லியோடு எடுங்கள். கடைசி வெட்டுக்குப் பத்துப் பதினைந்து ஆண்டு முன்பு நடு அடுக்கை முழுதாக அகற்றி, விதானத்தை 60–70 விழுக்காட்டுக்கு இறக்கி, கன்றுகளின் வேர்க்கழுத்து (தண்டும் வேரும் சேரும் இடம்) முக்கால் அங்குலத் தடிமன் வரும்வரை காத்திருக்க வேண்டும். அந்தத் தடிமன் இல்லாத கன்றை நம்பி மேல்மரத்தை எடுத்தால், அது தலை தூக்குவதற்குள் மேப்பிள் முந்திவிடும். ஓக் 4 அடி உயரம் எட்டியிருந்தால் கவலை இல்லை. மான் அதிகமிருக்கும் இடத்தில் அந்த 4 அடி வருவதற்கே வேலி தேவைப்படலாம். அரை ஏக்கரில் ஒரு சின்னக் கம்பி வேலி போட்டு, உள்ளேயும் வெளியேயும் கன்றுகளை ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு மூன்று ஆண்டில் விடை தெரிந்துவிடும்.

தென்மேற்குச் சரிவை இப்போதைக்குத் தொடவேண்டாம் என்ற முடிவு சரி. ஆனால் அங்கே விலைமரம் எப்படியும் குறைவு. அதைத் திறந்த ஓக் காடாக, தரையில் புல்லும் பூச்செடியும் வரும்படி ஆக்க நினைத்தால், அடிப்பரப்பை 40–60 சதுர அடிக்கு இறக்கி, 3–5 ஆண்டுக்கு ஒருமுறை கட்டுப்படுத்திய தீ வைப்பது மிசூரியில் நடைமுறையில் இருக்கும் வழி. வெட்டாமல் தீ மட்டும் வைத்தால் விதானம் திறக்காது. வெட்டிவிட்டுத் தீ வைக்காவிட்டால் மூன்றாம் வருஷமே கட்டைத்துளிரால் நிரம்பிவிடும். தீயையும் விலைமரத்தையும் ஒரே சரிவில் வைத்துக்கொள்ள முடியும் என்று நினைக்காதீர்கள்: தீ வைக்கும் சரிவில் அடிமரத்தின் கீழ்ப்பகுதியில் தழும்பு விழும், முதல் கட்டையின் தரம் போகும். பீப்பாய்க்கு விற்க நினைக்கும் வெள்ளை ஓக்கை வடகிழக்கில் வையுங்கள்.

கோடரிப்பிடி:

அதோடு ஒன்று. தீ வைக்கப் போகிற பக்கத்தில், கலைத்த மரத்தின் கிளைக்குவியலை விடும் மரத்தின் அடியிலிருந்து குறைந்தது 6 அடி தள்ளி இழுத்துப் போடுங்கள், முக்கியமாக மேட்டுப் பக்கத்தில். சரிவில் ஏறும் தீ அடிமரத்தைச் சுற்றி மேட்டுப் பக்கம்தான் சுழன்று நிற்கும். தழும்பும் அங்கேதான் விழும். வெட்டிய முதல் இரண்டு குளிர்காலம் தீ வைக்காமல் விட்டால் மெல்லிய கிளைகள் மக்கித் தரையோடு படுத்துவிடும், தீயின் உயரமும் குறையும்.

குறி போடும்போது அடிக்கட்டையிலும், வெட்டும் மட்டத்துக்குக் கீழே, ஒரு பொட்டு வையுங்கள். வேலை முடிந்தபின் பொட்டு இல்லாத கட்டை எத்தனை என்று எண்ணினால், குறி போடாத மரம் எத்தனை போயிருக்கிறது என்று தெரிந்துவிடும். ஒப்பந்தத்தில் அப்படிப் போன மரத்துக்கு மூன்று மடங்கு விலை என்று ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள்.